பத்துச் சதமும் அறுபது இலட்சம் டொலரும்

ஒரு நூலின் மதிப்பை எதனைக் கொண்டு அளப்பது என்பது விமர்சனத்தின் மூத்த கேள்விகளுள் ஒன்று. நமது இலக்கிய வட்டாரங்களிலே இக்கேள்வி இன்னும் தீர்ந்தபாடில்லை. ஆனால் ஐக்கிய அமெரிக்காவிலே ஒரு வாணிபத்துறை இதற்கு முடிந்த முடிபாக விடை கண்டுவிட்டது. நூலைப் படிக்கவேண்டிய அவசியமில்லை. அதன் முதுகையும் மூலைகளையும் தாளின் நிறத்தையும் பார்த்துப் பத்துக்கு இத்தனை புள்ளி என்று தசமதானத்தோடு சொல்லிவிடலாம். புள்ளி தெரிந்தால் விலை தெரியும். இன்றைய விலை தெரிந்தால் நாளைய விலையையும் எதிர்வுகூறலாம். அருமையான பழைய சித்திரக்கதை இதழ்களைச் சேகரிப்போரும் விற்போரும் கைக்கொள்ளும் இம்முறையினைப் பணக்காரரின் பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிடாது சற்று நின்று நோக்குதல் பயன்தரும் என்று கருதுகிறோம். கலைப்படைப்பொன்று பண்டமாகும் வரலாற்றை இத்துணை அப்பட்டமாகக் காட்டும் துறை வேறொன்றிருப்பது அரிது.

2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலே டலஸ் நகரத்து ஏல நிறுவனமொன்று ‘அக்ஷன் கொமிக்ஸ்’ என்ற சஞ்சிகையின் முதல் இதழை 60 இலட்சம் டொலருக்கு விற்றது. 1938ஆம் ஆண்டு ஜூன் மாதத் திகதியிட்ட அவ்விதழிலேதான் சுப்பர்மேன் முதன்முதலாகத் தோன்றினான். அன்று அதன் விலை 10 சதம். அச்சிடப்பட்டவை ஏறத்தாழ 2 இலட்சம் பிரதிகள். இன்று எஞ்சியிருப்பவை நூறு அளவில் இருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது. இதே இதழின் ஒரு பிரதி 2010இல் முதன்முதலாகப் பத்து இலட்சம் டொலரைத் தொட்டது. 2014இல் மற்றொரு பிரதி 32 இலட்சத்தைத் தாண்டியது. 2025 நவம்பரில், 1939இல் வெளியான ‘சுப்பர்மேன்’ முதல் இதழ் 91 இலட்சம் டொலருக்குப் போனது. வாங்குவோர் ஏல நிறுவனத்துக்குச் செலுத்தும் தரகும் 2024, 2025ஆம் ஆண்டுகளின் தொகைகளுள் அடங்கும். விற்றவர் கையிலே சேர்வது இதனிலும் குறைவு. எப்படிப் பார்ப்பினும் பத்துச் சதம் ஆறு கோடி மடங்காகப் பெருகியிருக்கிறது.

இப்பெருக்கத்திலே படைத்தவர் பங்கு யாது? ஓஹாயோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரின் இரண்டு யூத இளைஞர்கள், கதையெழுதிய ஜெரி சீகலும் படம் வரைந்த ஜோ ஷூஸ்டரும், முதற்கதையின் 13 பக்கங்களுக்குப் பக்கமொன்றுக்குப் பத்து டொலராக 130 டொலர் பெற்றுக்கொண்டு பாத்திரத்தின் உரிமை முழுவதையும் பதிப்பகத்துக்கு எழுதிக்கொடுத்தார்கள். வேறு வேலைகளுக்கான கூலியையும் சேர்த்து 412 டொலருக்கு எழுதப்பட்ட காசோலையிலே ‘சுப்பர்மேன்’ என்ற பெயருக்கெதிரே 130 என்று குறிக்கப்பட்டிருந்தது. பிற்காலத்திலே சீகல் எழுதுவினைஞராக வேலை பார்த்துச் சீவித்தார். ஷூஸ்டரின் கண்பார்வை ஏறக்குறைய அற்றுப்போயிற்று. பெரும் பொருட்செலவிலே சுப்பர்மேன் திரைப்படம் தயாராகிறது என்ற செய்தி வந்தபோது சீகல் பத்திரிகைகளுக்குத் தம் நிலையை எழுதினார். சக ஓவியர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 1975 டிசம்பரில் உரிமையாளர் நிறுவனம் இருவருக்கும் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 20,000 டொலர் கொடுக்கவும் அவர்கள் பெயரை மீண்டும் பொறிக்கவும் இணங்கியது. அந்த உதவித்தொகையை 300 ஆண்டுகள் சேர்த்து வைத்தால் 2024இல் விற்ற ஒரேயொரு பிரதியின் விலை வரும்.

அந்தக் காசோலைக்கும் ஒரு கதையுண்டு. 2012 ஏப்ரலில் அதுவும் ஏலத்துக்கு வந்து 1,60,000 டொலருக்கு விலைப்பட்டது. வங்கியிலே மாற்றப்பட்டுச் செத்துப்போன காசோலை! உழைப்பாளி ஏமாற்றப்பட்டதற்கான சான்றே, அவன் பெற்ற கூலியின் ஆயிரம் மடங்குக்கு மேலான விலையுடைய அரும்பொருளாயிற்று. பண்டங்களின் மாயத்தன்மை பற்றி வகுப்பிலே விளக்க முற்படும் ஆசிரிய நண்பர்கள் இதனைவிட எளிய எடுத்துக்காட்டைத் தேடியலைய வேண்டியதில்லை.

இனி விலைகளின் வேதநூலுக்கு வருவோம். 1970இல் ரொபேட் ஓவர்ஸ்ட்ரீட் என்பவர் சித்திரக்கதை இதழ்களின் விலைக் கையேடொன்றை வெளியிட்டார். அவர் வாழ்ந்த ஊரும் கிளீவ்லாந்துதான், ஆனால் டென்னசி மாநிலத்தது. ஒரு கிளீவ்லாந்து படைத்தது, மற்றக் கிளீவ்லாந்து விலையிட்டது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆண்டுதோறும் வெளியாகிவரும் இக்கையேட்டினை நாம் ஓர் இலக்கியப் பிரதியாகவே வாசித்துப் பார்க்கலாம். இதழின் பெயர், எண், திகதி. எந்தப் பாத்திரத்தின் முதல் தோற்றம் என்ற குறிப்பு. பின்னர் பிரதியின் நிலைக்கேற்ப நிரல் நிரலாக விலைகள். கதை நன்றா தீதா என்ற பேச்சே இல்லை. அதைச் சொல்லவேண்டுமென்று விலைப்பட்டியலிடம் நாம் எதிர்பார்க்கவும் இல்லை. கவனிக்கத்தக்கது வேறொன்று. கலைஞர்களின் பெயர்கள் அங்கே சுருக்கக் குறியீடுகளாக இடம்பெறுகின்றன. டொனால்ட் டக் கதைகளைப் பல ஆண்டுகள் வரைந்த கார்ல் பார்க்ஸின் பெயர் அவ்விதழ்களில் அக்காலத்தே அச்சேறவில்லை. எல்லாமே டிஸ்னியின் பெயரில் வந்தன. நடையைக் கொண்டே ‘இவர் வேறொருவர்’ என்று இனங்கண்டு, ஈற்றில் அவரைத் தேடிப்பிடித்தவர்கள் வாசகர்களே. அது உண்மையான விமர்சனப் பணி. அப்பணியின் பயன் கையேட்டுக்குள் புகுந்ததும் விலையை உயர்த்தும் காரணிகளுள் ஒன்றாகச் சுருங்கிவிட்டது.

இன்னொன்று: விலை கூறும் ஆலோசகர்களுள் பலர் வியாபாரிகள். சந்தையிலே சரக்கு வைத்திருப்பவரே சந்தையின் நிலவரத்தைச் சாட்சி சொல்லும் அமைப்பு இது. இதிலே சூழ்ச்சி இருந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. சூழ்ச்சியில்லாமலே இது நடக்கும். கையேட்டிலே விலை ஏறுகிறது. அதனைப் பார்த்து விற்பவன் ஏற்றுகிறான். ஏறிய விலை மறு ஆண்டுக் கையேட்டுக்கு ஆதாரமாகிறது. அக்கையேட்டின் முதற் பதிப்பே இன்று சேகரிப்போர் தேடும் அரும்பொருளாகிவிட்டது என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

2000ஆம் ஆண்டில் சீ.ஜீ.சீ. என்ற சான்றளிக்கும் நிறுவனம் தோன்றியதோடு இத்துறை புதிய கட்டத்தை அடைந்தது. இதழை அனுப்பினால் நிபுணர்கள் பக்கங்களை எண்ணி, கிழிசலும் மடிப்பும் கறையும் ஒட்டுவேலையும் பார்த்து, அரைப் புள்ளி முதல் பத்துப் புள்ளி வரையிலான அளவுகோலில் ஒரு தரம் இட்டு, கடினமான பிளாஸ்டிக் உறையிலே முத்திரையிட்டுத் திருப்பி அனுப்புவர். உறையை உடைத்தால் சான்று செல்லாது. எனவே வாங்கியவன் படிக்கவியலாது. கண்ணாத இடைத்தரகனிடம் பொருள் வாங்குவோருக்கு இது ஓரளவு பாதுகாப்பு என்பதை மறுப்பதற்கில்லை. போலிகளும் இரகசியத் திருத்தங்களும் மலிந்த சந்தை அது. 1974இல் ‘அக்ஷன்’ முதல் இதழைப் பெரிய அளவில் ஒரு டொலருக்கு மறுபதிப்புச் செய்தபோது, வெளியட்டையைக் கழற்றிவிட்டு அதையே மூல இதழென்று விற்க முனைந்தோரும் இருந்தனர். ஆனால் அந்த மறுபதிப்பே நமது வாதத்துக்கும் துணைநிற்கிறது. கதையைப் படிக்க விரும்புவோன் சில டொலர்களில் படித்துவிடலாம். ஆதலால் 60 இலட்சத்துக்கும் கதைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

அப்படியாயின் உறைக்குள்ளே அடைபட்டிருப்பது எது? இங்கேதான் நம்மனோர் சற்று வியப்படைவர். பின்னாளிலே அமெரிக்க வல்லமையின் சின்னமாகக் கொடி பிடித்த சுப்பர்மேனையே நாம் அறிவோம். 1938இன் சுப்பர்மேன் வேறு. பொருளாதாரப் பெருவீழ்ச்சியின் வேலையின்மைக்குள்ளிருந்து பிறந்தவன் அவன். முதல் இதழிலேயே குற்றமற்ற பெண்ணொருத்தியை மரணதண்டனையிலிருந்து மீட்கிறான். மனைவியை அடிக்கும் கணவனைப் புடைக்கிறான். வாஷிங்டனிலே அரசியல்வாதியை வளைத்துப்போடும் தரகனைத் துரத்துகிறான். மூன்றாம் இதழிலே, பாதுகாப்பற்ற சுரங்கமொன்றில் விபத்து நிகழ்கிறது. சுப்பர்மேன் தொழிலாளி வேடம் பூண்டு, விருந்துண்டு களித்திருக்கும் சுரங்க முதலாளியையும் அவனுடைய விருந்தினரையும் நிலத்தடிக்கு இறங்கச்செய்து, வழியை அடைத்துவிடுகிறான். பட்டுடையணிந்தவர்கள் மண்வெட்டி பிடித்து வியர்வை சிந்தும்போதுதான் பழுதான பாதுகாப்புக் கருவிகளின் பொருள் முதலாளிக்கு விளங்குகிறது. எட்டாம் இதழிலே சேரிக் குடியிருப்புகளை அவன் இடித்துத் தரைமட்டமாக்குகிறான், அரசாங்கம் நல்ல வீடுகள் கட்டித்தரட்டும் என்று. தனிமனித வீரன் ஒருவன் வந்து மக்களை மீட்பான் என்ற கனவின் பலவீனம் நமக்குத் தெரியாததன்று. தொழிலாளர் ஒன்றுசேர்வதை அக்கதைகளில் நாம் காண்பதில்லை. எனினும் கூலிக்கு எழுதிய இரு இளைஞர்களின் கோபம் அந்தக் கரடுமுரடான கோடுகளுக்குள் உண்மையாகவே துடிக்கிறது. பாத்திரம் பெரும் சொத்தாக வளர வளர அக்கோபம் வடிந்துபோயிற்று. சுரங்க முதலாளியைச் சுரங்கத்துக்குள் அடைத்த இதழ் இன்று தானே அடைபட்டிருக்கிறது.

விலையை எதிர்வுகூறுவோர் தம்முடைய முறை விஞ்ஞானபூர்வமானது என்பர். கடந்த ஏலங்களின் பதிவுகள், ஒவ்வொரு தரத்திலும் சான்று பெற்ற பிரதிகளின் தொகை, பாத்திரத்தின் முதல் தோற்றமா என்பது, திரைப்பட அறிவிப்பு வந்துளதா என்பது ஆகியவற்றைக் கணினியிலிட்டுச் சமன்பாடு அமைக்கின்றனர். ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் விற்கும் சாதாரண இதழ்களைப் பொறுத்தவரை இக்கணக்குகள் ஓரளவு பொருந்துகின்றன. அதனை மறுப்பது வீண்பிடிவாதம். அருமையான இதழ்களிடத்திலேதான் இடறுகின்றன. 2021 செப்டெம்பரில் ‘அமேசிங் ஃபன்ரசி’ 15ஆம் இதழ், அதாவது 1962இல் ஸ்பைடர்மேன் தோன்றிய இதழ், 36 இலட்சம் டொலருக்கு விற்றது. 9.6 என்ற அத்தரத்தில் அப்போது நான்கு பிரதிகளே பதிவாகியிருந்தன. நான்கைக் கொண்டு எந்த விதியை வகுப்பது? ஏலத்திலே இறுதி விலையை நிர்ணயிப்பவன் வென்றவனல்லன். தோற்ற இரண்டாமவன் எங்கே நிறுத்துகிறான் என்பதே விலை. ஆகவே எதிர்வுகூறுவோன் உண்மையில் கணிக்க முற்படுவது, இன்னாரென்று தெரியாத இரு செல்வந்தரின் பிடிவாதத்தையும் அவ்வாண்டு அவர்கள் கையில் மிஞ்சிய மூலதனத்தையுமே. பெருந்தொற்றுக் காலத்தில் அப்பணம் எங்கு போவதென்று அறியாது திரண்டபோது விலைகள் பாய்ந்தேறின. பின்னர் பலவற்றின் விலை சரிந்தது.

எதிர்வுகூறலே சந்தையை நாசமாக்கிய காலமும் ஒன்றிருந்தது. பழைய இதழ்கள் பொன்னாகின்றன என்று பத்திரிகைகள் எழுதியதைக் கண்டு, 1990களின் தொடக்கத்திலே மக்கள் புதிய இதழ்களைப் பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்கினர். 1991இல் ‘எக்ஸ்-மென்’ முதல் இதழ் ஐந்து வேறுபட்ட அட்டைகளுடன் வந்து 80 இலட்சத்துக்கு மேல் விற்றது. 1992 நவம்பரில் சுப்பர்மேன் இறந்த இதழ் கறுப்பு உறையிலிட்டு விற்கப்பட்டது. பழைய இதழ்கள் அருமையானதற்குக் காரணம் எவரும் அவற்றைப் பேணாமையே; எல்லோரும் பேணிய இதழ் எப்படி அருமையாகும்? திருப்பி அனுப்ப முடியாத சரக்கோடு கடைகள் பல மூடப்பட்டன. ஊக வாணிபம் சரிந்ததும் கடன்சுமை அழுத்தியதுமாக, மார்வல் நிறுவனம் 1996 டிசம்பரில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. அந்த ‘எக்ஸ்-மென்’ இதழை இன்றும் சில டொலர்களுக்கு வாங்கலாம்.

பேணாமை என்றோம். அதிலே நம் பக்கத்தாருக்கும் பங்குண்டு என்பதை ஒளிக்கலாகாது. போர்க்காலத்துப் பழந்தாள் சேகரிப்பிலே எண்ணற்ற இதழ்கள் கூழாயின. 1948இல் மேற்கு வேர்ஜீனியாவின் ஸ்பென்சரிலும் நியூ யோர்க் மாநிலத்துப் பிங்கம்டனிலும் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டே இவை குவித்து எரிக்கப்பட்டன. 1954இல் இவற்றுக்கெதிராக நூலெழுதிய மனநோய் மருத்துவர் ஃபிரெட்ரிக் வேர்த்தம் பிற்போக்காளரல்லர். ஹார்லத்திலே கறுப்பின ஏழைகளுக்காக மருத்துவ நிலையம் நடத்தி, அதற்கு மார்க்சின் மருமகன் லஃபார்க்கின் பெயரைச் சூட்டியவர். அவர் தம் சான்றுகளைத் திரித்தும் கூட்டியும் எழுதினார் என்பதை ஆய்வாளர் கரொல் டில்லி 2012இல் அவருடைய பத்திரங்களைக் கொண்டே நிறுவினார். பிரித்தானியாவிலே கம்யூனிஸ்டுக் கட்சியும் ஆசிரியர் சங்கமும் அமெரிக்கச் சித்திரக்கதைகளுக்கெதிராகக் கிளர்ச்சி செய்தன. 1955இல் தடைச்சட்டமே வந்தது. ஏகாதிபத்தியப் பண்பாட்டை எதிர்த்தோர், சுரங்கக் கதையும் அதற்குள் கிடந்ததை ஆராய்ந்து பார்த்தாரல்லர். ஆசிரியர்களும் அறிஞர்களும் குப்பையென்று தள்ளியதைச் சில சிறுவர்கள் பெட்டியிலிட்டுக் காத்தனர். அச்சிறுவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். இன்றைய ஏலதாரன் அவர்களின் வாரிசன்று.

தமிழிலும் இதன் சாயலுண்டு. 1972இல் சிவகாசியிலிருந்து வெளியான முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கிற்று. அதன் பழைய இதழ்களை அட்டைவிலையின் பன்மடங்குக்குத் தேடுவோர் இன்றும் உளர். அவர்களுள் பெரும்பாலோர் இன்னமும் அவற்றைப் பிரித்துப் படிக்கிறார்கள் என்பது ஆறுதல்.

ஸ்பைடர்மேன் தோன்றிய அந்த 15ஆம் இதழுக்காக ஸ்டீவ் டிட்கோ கையால் வரைந்த மூல ஓவியத் தாள்கள் 24. அச்சுப்பிரதியே 36 இலட்சமெனில் அவற்றுக்கு என்ன விலை வரும் என்று கணக்குப் போடுவோர் இல்லாமலில்லை. ஆனால் 2008ஆம் ஆண்டிலே, பெயர் வெளியிட விரும்பாத ஒருவர் அவ்விருபத்துநான்கையும் வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகத்துக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டார். பென்சில் கோடும் வெள்ளை மையால் திருத்திய இடங்களும் தெரியும் அத்தாள்கள், கேட்கும் ஆய்வாளர்களுக்குப் படிப்பறையிலே எடுத்துக் காட்டப்படுகின்றன.