வக்கரைன்னா என்ன சித்தப்பா?

பௌர்ணமியன்று திருவக்கரைக்குப் போயிருக்கிறீர்களா? போகாவிட்டால் ஒரு யோசனை. வண்டியைத் தூரத்திலேயே ஓரங்கட்டிவிட்டு நடந்துவிடுங்கள். கோவில் வாசல் வரை கொண்டுபோய் நிறுத்தலாம் என்று நினைத்தால், வக்கிரகாளியைப் பார்ப்பதற்குள் பக்கத்து வண்டிக்காரருடன் உங்களுக்கு ஒரு புராண யுத்தமே நடந்துவிடும்.

சில வருஷங்களுக்கு முன்பு அண்ணன் குடும்பத்தோடு போனபோது அப்படித்தான் நடந்துகொண்டிருந்தோம். அண்ணன் மகனுக்கு அப்போது பத்து வயது. பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தவன் கேட்டான்: "சித்தப்பா, வக்கரைன்னா என்ன?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சித்தப்பா பத்திரிகைக்காரன் ஆயிற்றே! எலுமிச்சை மாலைக் கடையில் நின்றபடி அவிழ்த்துவிட்டேன். "வாக்கு, அரை. ரெண்டும் சேர்ந்து வாக்கரை. அதுதான் வக்கரை ஆயிடுச்சு. சாமிக்கு நேர்ந்துக்கிட்டு, பாதி செஞ்சுட்டு பாதிய விட்டுடறாங்க பாரு, அவங்ககிட்ட மீதி அரை வாக்கைக் கேட்டு வாங்கறவதான் இந்தக் காளி." பையன் கண்ணை விரித்தான். அண்ணி என்னை முறைத்தார். கடைக்கார அம்மா மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தார். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஸ்தல புராணம் சொல்லும் அர்த்தம் வேறு. வக்கிராசுரன் என்று ஒரு அசுரன் இங்கே சிவனைப் பூஜித்து வரம் வாங்கினான். வாங்கிய கையோடு தேவர்களைப் படுத்தியெடுத்தான். பெருமாள் சக்கரத்தால் அவன் கதையை முடித்தார். அவன் தங்கை துன்முகியைக் காளி வதம் செய்தாள். துன்முகி அப்போது கர்ப்பிணி. வயிற்றில் இருந்த குழந்தையை எடுத்துக் காளி தன் காதில் குண்டலமாக மாட்டிக்கொண்டாள். அசுரன் வக்கிரன், ஊர் வக்கரை, அம்மன் வக்கிரகாளி.

ஊரின் பெயர் பழையது. திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலம் இது. செம்பியன் மாதேவி கல்லில் எடுப்பித்த கோவில் என்று கல்வெட்டும் உண்டு. புழங்கிப் புழங்கி, அர்த்தம் எங்கோ நழுவிப்போய்ப் பெயர் மட்டும் மிஞ்சிய ஊர்களில் இதுவும் ஒன்று.

பி.காம். படித்தவர்களுக்கு சஸ்பென்ஸ் அக்கவுண்ட் தெரியும். கணக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உதைக்கிறதா, தப்பு எங்கே என்று அகப்படுகிற வரை வித்தியாசத் தொகையை அந்தத் தலைப்பில் எழுதி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அர்த்தம் தெரியாத ஊர்ப் பெயருக்கு நம் முன்னோர் கதை எழுதியது இதே காரியம்தான். வக்கிராசுரன் ஒரு சஸ்பென்ஸ் அக்கவுண்ட்.

அப்படியானால் தூக்கிப் போட்டுவிடலாமா? அவசரப்படாதீர்கள். நான் விமரிசனம் எழுத உட்கார்ந்திருப்பது இந்தக் கதையைத்தான். கதையாகப் படித்துப் பார்த்தால் இதை எழுதியவர் (ஒருவரா, ஒன்பது தலைமுறையா, யார் கண்டது) கில்லாடி.

கோவிலுக்குள் நுழைந்ததும் ஒன்றைக் கவனியுங்கள். கோபுரம், கொடிமரம், நந்தி, மூலவர் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இல்லை. ஒன்றுக்கொன்று விலகி நிற்கின்றன. வக்கிரம் என்றால் வளைவு, கோணல். ஏன் கோணல் என்ற கேள்விக்கு அந்தப் பெயரே பதிலாகிவிடுகிறது. அடுத்து, காளியின் காதைப் பாருங்கள். பிணத்தைக் குண்டலமாக அணிவது காளி சிற்பங்களுக்கு இருக்கும் ஒரு பழைய லட்சணம். அதைப் பார்த்துப் பயந்துபோன பக்தனுக்கு ஒரு காரணம் வேண்டாமா? துன்முகி வந்தாள். அதாவது சிலை முதலில், கதை பிறகு. நான் அப்படித்தான் படிக்கிறேன்.

மூன்றாவது விஷயம்தான் எனக்கு மயிர்க்கூச்செறியும் இடம். அதற்குக் கோவிலை விட்டு வெளியே வரவேண்டும். ஊருக்குக் கிழக்கே ஒரு கிலோமீட்டர். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை பராமரிக்கும் கல்மரப் பூங்கா. பூங்கா என்றதும் ஊஞ்சல், சறுக்குமரம் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். செம்மண்ணில் நீளநீளமாகக் கல் கட்டைகள் படுத்துக் கிடக்கும். சுமார் 2 கோடி வருஷங்களுக்கு முந்தைய மரங்கள். ஏதோ ஒரு பெருவெள்ளம் அடித்துவந்து மணலில் புதைத்திருக்கிறது. கிளை, வேர், இலை எதுவும் கிடையாது, வெறும் நடுமரம் மட்டும் கிடக்கிறது என்பதுதான் அடித்து வரப்பட்டதற்குச் சாட்சி. மண்ணுக்குள் ஊறிய நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் நாருக்குள் புகுந்து, கொஞ்சம் கொஞ்சமாக மரத்தின் இடத்தைத் தானே பிடித்துக்கொண்டது. நார் நாராக இருக்கிறது, வயதைச் சொல்லும் வளையங்கள்கூட சிலவற்றில் தெரிகின்றன. தொட்டால் கல், தட்டினால் கல்.

பியேர் சொன்னரா என்கிற பிரெஞ்சு இயற்கை ஆராய்ச்சியாளர் 1781 வாக்கில் இவற்றைப் பார்த்து எழுதிவைத்தார். ஐரோப்பியர் கண்ணில் பட்டது அப்போது. ஊர்க்காரர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே பார்த்தாயிற்று, அர்த்தமும் சொல்லியாயிற்று. இவை வக்கிராசுரனின் எலும்புகள்!

சிரிக்காதீர்கள். உடைந்த முனையை ஒருமுறை குனிந்து பாருங்கள். அந்த நாரும் துளையும் பழைய எலும்பைப் போலத்தான் இருக்கின்றன. பள்ளிக்கூடமே போகாத யாரோ ஒரு ஆடு மேய்க்கிறவர், 'இது சாதாரணக் கல் இல்லை; ஒரு காலத்தில் உயிரோடு இருந்த ஏதோ ஒன்றின் உடம்பு இது; செத்துக் கல்லாகியிருக்கிறது' என்று கண்டுபிடித்திருக்கிறார். விஷயத்தில் முக்கால்வாசி சரி. மரம் என்பதற்கு பதில் அசுரன் என்றுவிட்டார், அவ்வளவுதான். சொன்னரா திருத்தியது மீதிக் காலை.

பெயர், கோணல், குண்டலம், கல். நாலு புதிருக்கும் ஒரே அசுரனை வைத்துக் கணக்கை நேர் செய்கிற கதையை நான் மட்டமாகப் பேசமாட்டேன்.

ஆனால் எல்லா ஊர்க்கதையும் இந்தத் தரத்தில் இருப்பதில்லை. பக்கத்திலேயே திண்டிவனம். திந்திரிணி என்றால் வடமொழியில் புளியமரம். திந்திரிணி வனம் திண்டிவனம் ஆயிற்று என்கிறார்கள். புளியமரத்துக்கு அந்தப் பக்கம் பஞ்சமில்லை, ஒப்புக்கொள்ளலாம். வேதாரண்யம் சமாசாரம் அப்படியல்ல. மரை என்பது ஒரு வகை மான். மரைக்காடு என்ற பெயர்தான் மறைக்காடு ஆனது, மறை என்றால் வேதம் ஆயிற்றே என்று யாரோ மொழிபெயர்த்து வேதாரண்யம் ஆக்கினார்கள் என்று அறிஞர்கள் சிலர் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது சரியென்றால், ஒரு ரகரம் றகரமானதில் காட்டிலிருந்த மான்கள் அத்தனையும் காணாமல் போய்விட்டன. இங்கே கதை மண்ணைப் பார்க்கவில்லை. சத்தத்தை மட்டும் கேட்டிருக்கிறது.

சென்னையில் ஹாமில்டன் வாராவதி ஜனங்கள் வாயில் அம்பட்டன் வாராவதி ஆனதும், அதை வெள்ளைக்காரன் திரும்ப மொழிபெயர்த்து பார்பர்ஸ் பிரிட்ஜ் என்றதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இன்று அது அம்பேத்கர் பாலம். ஹாமில்டன் துரை எங்கே போனார் என்று கேட்க ஆளில்லை.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை, வாய் செய்த தவறு. எனக்கு ஆகாதது மேஜையில் உட்கார்ந்து செய்கிற வகை. கலிபோர்னியா என்பது கபிலாரண்யம்தான் என்று மார்தட்டுவார்கள் இல்லையா, அது. அந்தப் பெயர் வந்த வழி இதைவிட சுவாரஸ்யம். 1510 வாக்கில் மொந்தால்வோ என்கிற ஸ்பெயின்காரர் எழுதிய ஒரு வீரசாகசக் கதையில், காலபியா என்ற ராணி ஆளும் கற்பனைத் தீவின் பெயர் கலிபோர்னியா. ஸ்பானியக் கடலோடிகள் கதைப் புத்தகத்துப் பெயரை நிஜமான கரைக்கு வைத்துவிட்டார்கள். ஏற்கெனவே ஒருத்தர் விளையாட்டாகக் கட்டிய பெயர் அது. அதற்குப் போய் நாம் முனிவரைக் கொண்டு சொந்தம் கொண்டாடுகிறோம். திருவக்கரைக்காரர் கல்லைக் குனிந்து பார்த்துவிட்டு அசுரனைக் கற்பித்தார். கபிலாரண்யக்காரர் எதையும் பார்க்கவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது பெருமை.

நானும் ஒருநாள் மேஜையில் உட்கார்ந்து பார்த்தேன். சுற்றிலும் கல் குவாரிகள், ஓரமாக ஓடுவது வராக நதி என்கிற சங்கராபரணி. வல் என்றால் வலிமை, கரை என்றால் ஆற்றங்கரை, ஆகவே வற்கரை, ஆகவே வக்கரை! ஒரு மணி நேரம் சந்தோஷமாக இருந்தேன். பிறகு பள்ளிக்கூடத்துத் தமிழய்யா ஞாபகத்துக்கு வந்தார். வன்கரை என்றல்லவா வரும் என்று மண்டையில் குட்டினார். காகிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

இப்போது எலுமிச்சை மாலை.

போன வருஷம் மறுபடி ஒரு பௌர்ணமி. அண்ணன் மகன் காலேஜ் போகிறான், மீசை முளைத்துவிட்டது. அதே கடை, அதே அம்மா. எங்களுக்கு முன்னால் வேனில் வந்த ஒரு குடும்பம் மாலை வாங்கிக்கொண்டிருந்தது. "நேர்ந்துக்கிட்டு அரைவாசி விட்டுட்டா இந்த ஆத்தா உடமாட்டா. அதுக்குத்தான் வாக்கரைன்னு பேரு. இப்ப வக்கரைன்றாங்க" என்று அந்த அம்மா சொல்ல, வேன்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கூடுதலாக ஒரு மாலையும் வாங்கினார்கள்.

எனக்கு வியர்த்துவிட்டது. அவர்கள் போனதும் மெதுவாக, "ஏம்மா, இது நான் சொன்னது. இந்தப் பையன் சின்னதா இருக்கப்ப, இதே இடத்துல நின்னு சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்" என்றேன்.

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க எப்படி சார் சொல்லுவீங்க? எங்க மாமியா சொன்னது இது. அவங்களுக்கு அவங்க மாமியா."

மாலையை வாங்கிக்கொண்டு பேசாமல் நடந்தேன். பத்தடி போனதும் அண்ணன் மகன் தோளைத் தொட்டான்.

"சித்தப்பா, அப்ப நெஜமாவே அதான் அர்த்தமா?"