ஸ்லாட்டர்ஹவுஸ் ஃபைவ்

ஸ்லாட்டர்ஹவுஸ் ஃபைவ் (1969) அமெரிக்க எழுத்தாளர் கர்ட் வானகட் எழுதிய நாவல். இரண்டாம் உலகப்போரின் இறுதிக் கட்டத்தில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரின் மீது பிரிட்டிஷ், அமெரிக்க விமானப்படைகள் நடத்திய குண்டுவீச்சை மையமாகக் கொண்டது. போர் எதிர்ப்பு இலக்கியத்தின் முதன்மையான படைப்புகளில் ஒன்றாகக் கருதப்படுகிறது. டிரெஸ்டனில் இறந்தவர்களின் எண்ணிக்கையைப் பலமடங்கு பெருக்கிக் காட்டிய தகவல் உலகெங்கும் பரவியதில் இந்நாவலுக்கும் பங்கு உண்டு. இதை மதிப்பிடும்போது இவ்விரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

டிரெஸ்டன் குண்டுவீச்சு

டிரெஸ்டன் எல்பே ஆற்றங்கரையில் அமைந்த சாக்சனி மாநிலத்தின் தலைநகர். அரண்மனைகளுக்கும் ஓவியக்கூடங்களுக்கும் புகழ்பெற்றது. ‘எல்பே நதியின் ஃபிளாரன்ஸ்’ என்று அழைக்கப்பட்டது. அதே நகரம் ரயில் சந்திப்பாகவும், போருக்கான கருவிகளைச் செய்த தொழிற்சாலைகள் உள்ள இடமாகவும் இருந்தது.

1945 பிப்ரவரி 13 இரவு பத்தேகால் மணியளவில் பிரிட்டிஷ் லங்காஸ்டர் விமானங்களின் முதல் அணி குண்டு வீசியது. பெரிய வெடிகுண்டுகள் கூரைகளையும் சன்னல்களையும் பெயர்த்தன. திறந்துகொண்ட கட்டடங்களுக்குள் எரிகுண்டுகள் விழுந்தன. மூன்று மணிநேரம் கழித்து, தீயணைப்பாளர்கள் தெருவில் இருந்தபோது, 500-க்கும் மேற்பட்ட விமானங்கள் கொண்ட இரண்டாம் அணி வந்தது. தனித்தனித் தீக்கள் ஒன்றுசேர்ந்து தீப்புயலாயின. நிலவறைகளில் ஒதுங்கியவர்களில் பலர் நச்சுப்புகையால் மூச்சுத்திணறி இறந்தனர். மறுநாள் பகலிலும் அதற்கடுத்த நாளும் அமெரிக்க விமானங்கள் தாக்கின. பிப்ரவரி 15 காலையில் ஃபிரௌவன்கிர்ஹே தேவாலயத்தின் குவிமாடம் இடிந்து விழுந்தது.

நாவலின் பின்னணி

வானகட் 1944 டிசம்பரில் பல்ஜ் போரில் ஜெர்மானியரிடம் பிடிபட்டார். போர்க்கைதியாக டிரெஸ்டனுக்குக் கொண்டுவரப்பட்டு, ஐந்தாம் எண் கசாப்புக்கூடத்தில் அடைக்கப்பட்டார். நாவலின் பெயர் அதிலிருந்து வந்தது. குண்டுவீச்சின்போது நிலத்தடி இறைச்சிக் கிடங்கில் இருந்ததால் உயிர்பிழைத்தார். பின்னர் இடிபாடுகளிலிருந்து பிணங்களை எடுக்கும் வேலையில் ஈடுபடுத்தப்பட்டார். இந்த அனுபவத்தை நாவலாக்க அவருக்கு இருபதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அந்தத் தாமதத்தையே முதல் அத்தியாயம் பேசுகிறது. போர்க்கால நண்பரின் வீட்டுக்குச் செல்லும் எழுத்தாளரிடம் நண்பரின் மனைவி மேரி ஓ'ஹேர் கோபப்படுகிறார். அன்று அவர்கள் சிறுவர்களாக இருந்தார்கள், நாவலிலோ வீரர்களாக வேடம் போடுவார்கள், அதைப் பார்த்து அடுத்த தலைமுறைச் சிறுவர்கள் போருக்குப் போவார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. எழுத்தாளர் அதை ஏற்று, நாவலுக்குச் ‘சிறுவர்களின் சிலுவைப்போர்’ என்னும் துணைத்தலைப்பைச் சூட்டி, அவருக்கே காணிக்கையாக்கினார்.

கதைச்சுருக்கம்

நாவலின் நாயகன் பில்லி பில்கிரிம் போருக்குச் சற்றும் பொருந்தாத இளைஞன். போருக்குப்பின் கண்பார்வை சோதிப்பவராக வசதியாக வாழ்கிறான். அவனுக்குக் காலம் வரிசையாக ஓடுவதில்லை. போர்க்களம், திருமணம், முதுமை என்று மாறிமாறிச் சென்று விழுகிறான். டிரால்ஃபமடோர் என்னும் கோளைச் சேர்ந்தவர்கள் அவனைக் கடத்திச் செல்கிறார்கள். எல்லாக் கணங்களும் என்றென்றும் இருக்கின்றன, எதையும் மாற்ற முடியாது என்று அவர்கள் கற்பிக்கிறார்கள். ஒவ்வொரு மரணத்துக்குப் பின்னும் ஒரே சிறு தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. மனிதர் இறந்தாலும் நுரையடங்கிய ஷாம்பெயினைச் சொன்னாலும் அதே தொடர்தான்.

இறந்தோர் எண்ணிக்கை

குண்டுவீச்சு நடந்த சில வாரங்களிலேயே நாஜி பிரச்சாரம் இரண்டு லட்சம் பேர் இறந்ததாகச் செய்தி பரப்பியது. காவல்துறைக் கணக்கில் இருந்த 20,204 என்ற எண் போலி ஆவணம் ஒன்றில் 202,040 ஆயிற்று. 1963-ல் டேவிட் இர்விங் தன் நூலில் 135,000 என்று எழுதினார். காவல்துறை அறிக்கை கிடைத்தபின், 1966-ல் டைம்ஸ் நாளிதழுக்கு எழுதிய கடிதத்தில் அது மிக அதிகம் என்பதை அவரே ஒப்புக்கொண்டார். டிரெஸ்டன் நகராட்சி அமைத்த வரலாற்றாசிரியர் குழு 2010-ல் வெளியிட்ட முடிவின்படி இறந்தவர்கள் அதிகபட்சம் 25,000 பேர்.

நாவல் 1969-ல் வெளிவந்தபோதும் அதில் 135,000 என்ற எண்ணே இருந்தது. இர்விங்கின் நூலுக்கு விமானப்படை அதிகாரிகள் எழுதிய முன்னுரைகளிலிருந்து அது எடுத்தாளப்படுகிறது. ரம்ஃபோர்ட் என்னும் வரலாற்றாசிரியப் பாத்திரம் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடி அவற்றைப் படிக்கவைக்கிறது. அது பாத்திரத்தின் பகுதி, ஆசிரியரின் கூற்றல்ல என்று வாதிடலாம். ஆனால் முதல் அத்தியாயத்தில், தன் குரலில் பேசும்போதும், ஹிரோஷிமாவைவிட டிரெஸ்டன் மோசமானது என்றே வானகட் எழுதுகிறார். 1945 இறுதிக்குள் ஹிரோஷிமாவில் ஏறத்தாழ 1,40,000 பேர் இறந்தனர் என்பதே இன்றைய மதிப்பீடு. நாவலின் ஒப்பீடு நிற்காது.

இந்தப் பிழை புள்ளிவிவரத்தோடு முடிவதில்லை. ஜெர்மனியின் தீவிர வலதுசாரிகள் இந்தப் பெரிய எண்களைக் கொண்டே யூதப் பேரழிவையும் குண்டுவீச்சையும் சமமாக்க முயல்கிறார்கள். 2005-ல் சாக்சனி சட்டமன்றத்திலேயே ‘குண்டுப் பேரழிவு’ என்னும் பொருள்படும் சொல் ஒலித்தது. வானகட் நாஜிகளின் எதிரி. எனினும் அவர் நாவல் பரப்பிய எண் அவர் வெறுத்தவர்களுக்கும் பயன்பட்டது.

நாவல் காணாத டிரெஸ்டன்

போர்க்கைதியின் பார்வைக்கு எட்டாத இன்னொரு டிரெஸ்டன் இருந்தது. செம்பர் கட்டிய யூத வழிபாட்டுக்கூடம் 1938 நவம்பரிலேயே எரிக்கப்பட்டுவிட்டது. யூதப் பேராசிரியர் விக்டர் கிளெம்பரர், மனைவி யூதர் அல்லாதவர் என்பதால் மட்டுமே நகரில் உயிரோடு விடப்பட்டிருந்தார். எஞ்சியிருந்த யூதர்கள் மூன்று நாளில் வெளியேற்றத்துக்கு வந்துசேர வேண்டும் என்னும் ஆணைகளைப் பிப்ரவரி 13 அன்று வீடுவீடாகக் கொண்டுசென்று கொடுக்கும் வேலை அவருக்குத் தரப்பட்டது. அன்றிரவு நகரம் எரிந்தது. அந்தக் குழப்பத்தில் சட்டையிலிருந்த மஞ்சள் நட்சத்திரம் அகற்றப்பட, அவரும் மனைவியும் தப்பிச் சென்றனர். 1995-ல் வெளியான அவரது நாட்குறிப்புகள் இதை விவரிக்கின்றன.

ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்ற அதே நெருப்பு சிலரை வெளியேற்றத்திலிருந்து காத்தது. இதனால் குண்டுவீச்சு நியாயமாகிவிடாது. சர்ச்சிலே 1945 மார்ச் இறுதியில் இத்தாக்குதல்களைக் கேள்விக்குட்படுத்தும் குறிப்பு ஒன்றை எழுதி, பின் அதைத் திரும்பப் பெற்று வேறொன்று எழுதினார். ஆனால் குற்றமற்ற கனவுநகரமாக டிரெஸ்டனைக் காட்டும் நாவலின் சித்திரம் முழுமையானது அல்ல என்பது கிளெம்பரரை வாசித்தால் விளங்கும்.

இலக்கிய இடம்

பேரெண்ணை எடுத்துவிட்டால் நாவலில் என்ன மிஞ்சும் என்று கேட்டால், அதன் சிறந்த பகுதிகள் அனைத்தும் மிஞ்சும். குண்டுவீச்சை வானகட் நேரடியாக விவரிப்பது சில பக்கங்களே. நிலத்தடியில் இருப்பவர்களுக்கு மேலே ராட்சதர்கள் நடக்கும் ஓசை மட்டுமே கேட்கிறது. மறுநாள் கண்ட காட்சியை அவர் நிலவின் தரையோடு ஒப்பிடுகிறார். பேச்சற்று வாய் திறந்து நிற்கும் நான்கு ஜெர்மானியக் காவலர்களின் முகங்களைப் பில்லி காண்கிறான். பல ஆண்டுகளுக்குப் பின் தன் திருமணநாள் விருந்தில் நான்கு பாடகர்கள் வாய் திறந்து பாடும்போது காரணம் தெரியாமல் நிலைகுலைகிறான். போர் ஒரு மனிதனுக்குள் எப்படித் தங்கிவிடுகிறது என்பதைச் சொல்ல அந்த ஓரிடம் போதும்.

நகரமே அழிந்தபின், இடிபாடுகளில் ஒரு தேநீர்க் கெண்டியை எடுத்ததற்காக எட்கர் டெர்பி விசாரித்துச் சுட்டுக்கொல்லப்படுகிறார். இந்த மரணம் நிகழும் என்று நாவல் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுகிறது. நிகழும்போதோ போகிற போக்கில் சொல்லிக் கடக்கிறது. ஆயிரமாயிரம் பேரைக் கொன்றவர்கள் மேல் வழக்கு இல்லை, கெண்டியை எடுத்தவருக்கு முறையான விசாரணை. பெயர் தெரிந்த ஒருவரின் சாவு எண்களால் இயலாததைச் செய்கிறது.

நாவலின் பலவீனம் டிரால்ஃபமடோர் தத்துவத்தில் உள்ளது. எதையும் மாற்ற முடியாது என்பது பில்லிக்கு மருந்து. அதை நாவலின் முடிவுரையாகக் கொள்பவர், குண்டு வீச ஆணையிட்டவர்களையும் பொறுப்பிலிருந்து விடுவித்துவிடுவார். வானகட் அப்படி விரும்பவில்லை என்பதற்கு மேரி ஓ'ஹேரின் கோபமே சான்று. மாற்ற முடியாது என்று நம்புகிறவர் அடுத்த தலைமுறைச் சிறுவர்களுக்காகக் கோபப்பட மாட்டார். நாவலின் மனசாட்சி அயல்கோளில் இல்லை, முதல் அத்தியாயத்துச் சமையலறையில் இருக்கிறது.

எண்ணிக்கையின் சான்றாக ஸ்லாட்டர்ஹவுஸ் ஃபைவை மேற்கோள் காட்டுவது தவறு. நிலத்தடியில் இருந்து பிழைத்து, பிணங்களைத் தூக்கிய ஒருவரின் சாட்சியமாகவே அதை வாசிக்க வேண்டும். குண்டுவீச்சில் இறந்த 25,000 பேருக்கு நியாயம் கேட்க அவர்களை 135,000 ஆக்கத் தேவையில்லை.