முறுவலும் புன்னகையும்

புனிதர்களின் வரலாறுகளைத் தமிழில் பெயர்ப்போர் கையில் ஒரு சொல் அளவுக்கு மீறி உழைக்கிறது. அது ‘புன்னகை’. நோயாளியைத் தேற்றும் துறவியும் புன்னகைக்கிறார். அவரை ஏளனம் செய்யும் அதிகாரியும் புன்னகைக்கிறார். ‘பெரிய புன்னகை’ என்று எழுதவும் துணிந்துவிட்டோம். புன்மை என்பது சிறுமை. சிறிய நகையே புன்னகை. பெரிய சிறுநகை எங்ஙனம் பொருந்தும்?

மொழிகள் இப்பொருளை இருவழிகளில் அணுகுகின்றன. இலத்தீனில் சிரித்தல் ‘ரிதேரே’. அதன்முன் ‘கீழ்’ எனப் பொருள்தரும் ‘சுப்’ சேர, அடங்கிய சிரிப்பைக் குறிக்கும் சொல் பிறந்தது. ஸ்பானியரின் ‘சொன்ரெயீர்’ அதன் வழித்தோன்றலே. ஆங்கிலத்திலோ ‘ஸ்மைல்’ ஒரு வேர், ‘லாஃப்’ வேறொரு வேர். தமிழ் இரு வழிகளையும் அறியும். நகையிலிருந்து புன்னகை கிளைத்தது ஸ்பானிய வழி. ‘முறுவல்’ தனித்து நிற்பது ஆங்கில வழி. ஆகவே அவிலா தெரேசாவின் நாட்டுச் சொல்லுக்குத் தமிழில் நேரிணை உண்டு. ஆங்கிலம் வழியே சுற்றி வரும்போதுதான் அவ்வுறவு நம் கண்ணுக்கு மறைகிறது.

இவ்விரு சொற்களும் ஒன்றல்ல. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்து, அது பிறக்கும் நான்கு நிலைக்களன்களுள் எள்ளலை முதலாவதாக எண்ணுகிறார். நகையில் ஏளனத்தின் நிழல் படியக்கூடும். முறுவலிலோ அந்நிழல் பெரும்பாலும் படிவதில்லை. திருவரங்கத்தில் வாழ்ந்த பிள்ளை லோகாசாரியர், ‘முமுட்சுப்படி’யில் அடியார்க்குத் தஞ்சமாகும் இறைவனின் திருக்கோலத்தை விவரிக்கையில், முகத்தோடு சேர்த்துக் கூறுவது முறுவலையே. அஞ்சேல் என்னும் கைக்கு அதுவே பொருத்தமான துணை. 1883 மே 13 அன்று, நோயுற்றிருந்த குழந்தை தெரேசா, அன்னையின் திருவுருவம் தம்மை நோக்கி மலர்ந்ததைக் கண்டு நலமடைந்தார். அதற்கும் ‘முறுவல்’ என்பதே தகும்.

இந்நுட்பம் நமக்குப் புதிதன்று. திருச்சிராப்பள்ளிச் சீமையில் பணியாற்றிய வீரமாமுனிவர், 1732-இல் தொகுத்த சதுரகராதியில், ஒரு பொருளுக்குரிய பல சொற்களைத் திரட்டித் தரவென்றே பொருளகராதியைத் தனிப் பகுதியாக அமைத்தார். முகத்து நகையையும் அகத்து மகிழ்ச்சியையும் பிரித்துக் காட்டும் 786-ஆம் குறள், அவர் இலத்தீனில் பெயர்த்த பொருட்பாலில் உள்ளது. அயல்நாட்டார் ஒருவர் தேடித் திரட்டிய செல்வத்தை நாம் ஒரே சொல்லாகச் சுருக்கலாமா?

இது நடையழகு பற்றிய கவலை மட்டுமன்று. தொடக்கநூலில் சாரா முதலில் சிரித்தது ஐயத்தால். பின்னர்ச் சிரித்தது பேரின்பத்தால். ஈசாக்கின் பெயரிலேயே சிரிப்பு உண்டு. மறையுரையில் அதைப் புன்னகையாக மென்மைப்படுத்தினால், அந்த ஐயமும் இல்லை, அதை வென்ற அருளும் இல்லை.

இயேசு கண்ணீர் விட்டதை நற்செய்தி கூறுகிறது. அவர் சிரித்ததாக எங்கும் கூறவில்லை. செல்வரான மனிதரை அவர் அன்போடு நோக்கினார் என்பதோடு மாற்கு அமைகிறார் (10:21). அவ்விடத்தில் ‘புன்னகைத்தவாறு’ என்று நாம் சேர்ப்பது அணியன்று, சுமை. அம்மனிதர் முகவாட்டத்தோடு திரும்பிச் சென்றார் என்பதை அடுத்த வசனம் சொல்கிறது. தம்மை விட்டுப் போகவிருப்பவர்மேல் பதிந்த அப்பார்வையின் துயரத்தை, எளிதாகச் சேர்த்த ஒரு சொல் மறைத்துவிடுகிறது.