தபசு மரத்துக் கச்சேரி

கூத்தில் தபசு மரம் ஏறும் அர்ச்சுனனோடு பக்கவாத்தியம் எதுவும் ஏறிப் போவதில்லை. ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், முகவீணை, தாளம் எல்லாம் கீழேயே இருக்கின்றன. காவியும் ருத்திராட்சமும் அணிந்த வேஷக்காரர் ஒருவர் மட்டும் படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டு மேலே போகிறார். மரம் 50, 60 அடி உயரம் இருக்கும். ஏற ஏறச் சுருதி அவர் காதை விட்டு விலகுகிறது. கீழே ஜனத்தின் இரைச்சல், மேலே காற்று. மரத்தைச் சுற்றிப் பிள்ளை வரம் கேட்டு ஈரப் புடவையோடு விழுந்து கிடக்கும் பெண்கள். இத்தனைக்கும் நடுவில் சுருதியை விடாமல் ஒரு விருத்தத்தை முழுசாகச் சொல்லி முடிக்க வேண்டும். எந்தச் சபாவிலும் எந்த வித்வானுக்கும் இப்படி ஒரு பரீட்சை வைத்ததில்லை.

சாலவாக்கம், உத்திரமேரூர், செய்யாறு என்று நீளும் எங்கள் பக்கத்தில் பங்குனி தொடங்கி ஆடி வரைக்கும் ஊர் மாற்றி ஊர் திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழா நடக்கும். தலைக்கட்டு வரி போட்டு, சொற்பொழிவுக்கு ஒருவரையும் கூத்துக்கு ஒரு ஜமாவையும் பேசி முடிப்பார்கள். பகலில் பாரதம், ராத்திரியில் கூத்து. வில் வளைப்பு, பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கீசகன், கிருஷ்ணன் தூது, அபிமன்யு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று போய், கடைசி நாள் காலையில் படுகளம், சாயங்காலம் தீமிதி. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கிரீடத்தையும் புஜக்கட்டையையும் எழுதுகிறார்கள். கண்ணைப் பறிக்கும் சமாசாரம்தான், குறை சொல்லவில்லை. எனக்கு இந்த விழாவில் பிடித்தது, கூட்டுக் கலையின் நடுவே ஒரே ஆள் தனியாக நின்று கட்டிப்போடும் இடங்கள். கூத்துக்குள் ஒளிந்திருக்கும் தனிக் கச்சேரிகள்.

தபசில் கவனிக்க வேண்டியது குரலின் பெருக்கம் அல்ல, குரலின் சிக்கனம். கற்றுக்குட்டி அர்ச்சுனன் முதல் நாலு படியிலேயே உச்சஸ்தாயியைக் கொட்டிவிடுவார். கூட்டம் கை தட்டும். பாதி மரத்தில் ஆள் திணறுவார். தேர்ந்தவர் கீழ்ப் படிகளில் கிட்டத்தட்டப் பேசுவதுபோலப் பாடுவார். ஒரு படி ஏறியதும் உடனே வாய் திறக்கமாட்டார். முகவீணைக்காரர் அந்த ராகத்தை ஒரு சுற்று சுற்றி வருவார், அதற்குள் மூச்சு அடங்கிவிடும். பிறகுதான் பாட்டு. கேட்கிறவனுக்கு அது வாத்தியத்தின் அழகாகத் தெரியும். உண்மையில் அது மேலே இருப்பவனுக்குக் கீழே இருப்பவன் கொடுக்கும் கைத்தாங்கல். உச்சிக்குப் போனதும் சூடம் ஏற்றி, எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசத் தொடங்கினால் சங்கீதம் முடிந்தது. அதற்கப்புறம் யார் காது கொடுத்துக் கேட்கிறார்கள்?

இந்தக் காதோடு போய் கிட்டப்பாவையும் கே.பி. சுந்தராம்பாளையும் கேட்டவனுக்கு, கர்னாடக சங்கீத ரசிகர்கள் சிலர் அவர்களைப் பற்றிச் சொல்லும் குறை புரிவதில்லை. ‘நாடகப் பாட்டு’ என்று கொஞ்சம் உதட்டைச் சுழித்துச் சொல்வார்கள். ஆமாம், நாடகப் பாட்டுதான். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி பெஞ்சுக்காரனுக்கும் சொல் விளங்க வேண்டும் என்ற கட்டாயத்தில் வளர்ந்த குரல் அது. சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணத்தில் கிட்டப்பா வேலனாகவும் சுந்தராம்பாள் வள்ளியாகவும் வந்து தர்க்கம் பாடினால், கதை எங்கேயோ போய்விடும். ‘ஒன்ஸ்மோர்’ என்று ஒரு சத்தம் வந்தால் போதும், தினைப்புனம் கச்சேரி மேடை ஆகிவிடும். நாடகத்தின் உள்ளேயே தனிக் கச்சேரி முளைத்துவிட்டது. பின்னால் அவர்கள் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்து பாடியது அதன் தொடர்ச்சி.

கிட்டப்பா 1906இல் செங்கோட்டையில் பிறந்து 1933 டிசம்பரில் போய்ச் சேர்ந்தார். வயது 27. விடிய விடியப் பாடிய குரலில் நமக்கு மிஞ்சியிருப்பது ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் ஓடும் இசைத்தட்டுகள் சில. அந்த மூன்று நிமிஷத்திலும் அவர் அவசரப்படுவதில்லை என்பதைக் கேட்டுப் பாருங்கள். பிருகாக்கள் மின்னலாய் ஓடும். சொல் மட்டும் நின்று நிதானமாக வரும்.

கணவரான அவர் போன பிறகு சுந்தராம்பாள் வெள்ளைப் புடவைக்கு மாறினார். ஆணோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். 25 வயதில் ஒரு நாடக நட்சத்திரம் எடுத்த முடிவு. நாடகமே ஜோடியை நம்பி நடந்த காலம் அது. தனியாகப் பாடுவதைத் தவிர வேறு வழியில்லை. கொடுமுடிக் குரல் கச்சேரி மேடைக்கும் காங்கிரஸ் மேடைக்கும் வந்தது இப்படித்தான். 1935இல் வந்த நந்தனார் படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வாங்கினார் என்பதை எல்லோரும் சொல்வார்கள். அதைவிட எனக்கு ருசிக்கும் விஷயம், அதில் அவரே நந்தனார், வேதியராக வந்தவர் மகாராஜபுரம் விசுவநாதய்யர். சங்கீத வித்வானையே எதிரில் நிறுத்திவிட்டுப் பாடியிருக்கிறார். பின்னால் 1953இல் ஔவையார், 1964இல் பூம்புகாரின் கவுந்தியடிகள், மறுவருஷம் திருவிளையாடலில் மறுபடி ஔவையார் என்று அவர் ஏற்ற வேஷங்களைப் பாருங்கள். எல்லாம் நடந்து வந்து, நின்று, பாடிவிட்டுப் போகிறவர்கள். படத்துக்குள்ளும் அவர் கச்சேரிதான் செய்துகொண்டிருந்தார்.

தியாகராஜ பாகவதரைச் சேர்க்காவிட்டால் கோபித்துக்கொள்வீர்கள். பவளக்கொடியை மேடையிலும் 1934இல் திரையிலும் பாடியவர். 1947இல் சிறையிலிருந்து வந்த பிறகு படங்கள் கைவிட்டாலும் கச்சேரிகள் அவரைக் கைவிடவில்லை. இழைந்து வரும் சாரீரம். ஆனால் அது மைக்குக்குப் பிறந்த சாரீரம் என்பது என் கட்சி. தபசு மரத்தில் ஏற்றினால் பத்தாவது படியில் கரைந்துவிடும்.

நாடகக்காரர் தனியாக நின்று பாடுவதை அமெரிக்காவில் ஒரு தொழிலாகவே நடத்துகிறார்கள். நியூயார்க்கின் பிராட்வேயில் இசை நாடகங்களில் பேர் வாங்கியவர்கள் ஒரு அரங்கைப் பிடித்து வாரக்கணக்கில் தனியாகப் பாடுவார்கள். ஜூடி கார்லண்ட் 1951இல் தொடங்கி பேலஸ் தியேட்டரில் 19 வாரம் நடத்தினார். அவர் திரையிலிருந்து வந்தவர். எலைன் ஸ்டிரிட்ச் 2002இல் ஒரே ஒரு நாற்காலியோடு மேடையில் நின்று தன் வாழ்க்கையைப் பாட்டும் பேச்சுமாகச் சொன்னார். அங்கே அந்த நட்சத்திரத்தின் சொந்தக் கதைதான் சரக்கு. நம் ஊரில் சொந்தக் கதைக்கு யாரும் துண்டு விரித்து உட்காரமாட்டார்கள். பாஞ்சாலி கதையைச் சொல்லு என்பார்கள்.

அதைச் சொல்ல வருகிறவர்தான் பாரதப் பிரசங்கி. வேஷம் கிடையாது. வேட்டி, துண்டு, நெற்றியில் திருமண் அல்லது விபூதி. கூட ஒரு கவி வாசிப்பவர், ஒரு ஆர்மோனியம், ஒரு மிருதங்கம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்தால் பொழுது சாய்கிற வரை. பத்து நாள் விழா என்றால் பத்து நாளும், இருபது என்றால் இருபது நாளும் இந்த ஒரே மனிதர். வில்லிபாரதம் பத்துப் பருவம், நாலாயிரத்துக்கு மேல் பாட்டு. கவிக்காரர் ஒரு விருத்தத்தை ராகத்தோடு இழுத்துப் பாட, பிரசங்கி அதைப் பிரித்து, வசனமாக்கி, நடுவில் ஒரு கிளைக்கதைக்குள் புகுந்து, உள்ளூர் ஏரி மதகைப் பற்றி ஒரு கிண்டல் அடித்து, திரும்ப அத்தினாபுரத்துக்கு வந்துவிடுவார். சகுனிக்கு ஒரு குரல், விதுரனுக்கு ஒரு குரல். ராத்திரி பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து செய்வதை இவர் மதியம் உட்கார்ந்த இடத்திலிருந்தே செய்துவிடுகிறார்.

கெட்டிக்காரப் பிரசங்கிக்கு ஒரு தந்திரம் தெரியும். ராத்திரி கூத்தில் வரப்போவதை மதியமே தீர்த்துவிடமாட்டார். தருமன் நாட்டை, தம்பிமாரை, தன்னை என்று வரிசையாக வைத்துத் தோற்கும் வரை கொண்டுவந்து, துச்சாதனன் அந்தப்புரத்து வாசலில் நிற்கும்போது மங்களம் பாடிவிடுவார். பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து மாடு கறக்கப் போவார்கள். ராத்திரி அத்தனை பேரும் பாயைச் சுருட்டிக்கொண்டு திரும்ப வருவார்கள். கூத்துக்காரர் வாங்கும் கைதட்டலில் பாதி இவருடையது.

இன்றைக்குக் குழாய் ஸ்பீக்கர் ஊர் முழுக்கக் கதை சொல்கிறது. கல்குவாரி லாரி போகிற சாலையில் அது வேண்டியும் இருக்கிறது. மைக் வந்ததில் எனக்கு வருத்தமில்லை. மைக்செட்டுக்காரர் ‘எஃபெக்ட்’ என்று எதிரொலியைத் திருகி வைப்பதில்தான் வருத்தம். விருத்தத்தின் ஒரு சீர் அடுத்த சீரின் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. சந்தம் கெட்டால் வில்லியில் என்ன மிச்சம்? நல்ல பிரசங்கிகள் முதல் நாளே மைக்செட்டுக்காரரைக் கூப்பிட்டு அதை அணைக்கச் சொல்லிவிடுவார்கள்.

புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் முதல் நாள் போக வேண்டாம். அன்று குரு வணக்கத்திலும் பொன்னாடையிலும் நேரம் போய்விடும். பாதி விழா தாண்டிப் போங்கள். பனங்கற்கண்டும் மிளகும் போட்ட வெந்நீர்ச் சொம்பு பக்கத்தில் வந்திருக்கும். மேல்ஸ்தாயி கொஞ்சம் கம்மியிருக்கும். ஆள் அதை மறைக்கிறாரா, கதைக்குப் பயன்படுத்துகிறாரா என்று பாருங்கள். கிருஷ்ணன் தூதில் கம்மிய குரலோடு குந்தியைப் பேசவைக்கத் தெரிந்தவர் பெரிய கலைஞர். கூத்து மேடையில் ஒப்பனையும் விளக்கும் செய்ய வேண்டியதை அவர் தேய்ந்த தொண்டையாலேயே செய்துவிடுவார்.

பத்திரிகை விமர்சனம் எதுவும் இவர்களுக்கு வருவதில்லை. தீர்ப்பு டீக்கடையில் நடக்கும், தீமிதிக்கு மறுநாள். “குரல் நல்லாத்தான் இருக்கு, கதை நவுரலியே” என்று ஒருவர் சொல்வார். “போன வருசம் வந்தவரு கர்ணன் சாவுல அழ வச்சாருப்பா” என்பார் இன்னொருவர். “அப்ப அவருக்கே அட்வான்ஸ் குடுத்துடலாம்” என்று தர்மகர்த்தா வாய் திறந்தால், அடுத்த சித்திரைக்கு ஆள் முடிவாகிவிட்டது.