வியன்னாவில் தலைகீழாகப் படிக்கப்பட்ட சுரப்பி

பாராதைராய்டு சுரப்பியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைச் சொல்கிறார்கள். 1925, வியன்னா. எலும்பு கரைந்து நடக்க முடியாமல் போன டிராம் ஊழியர் ஒருவரின் கழுத்தைத் திறந்து பீலிக்ஸ் மாண்டல் ஒரு கட்டியை எடுத்தார். நோயாளி எழுந்து நடந்தார். முன்னும் பின்னும் வெட்டிவிட்டுச் சொல்வதுதான் இதுல எனக்குப் பிடிக்காதது.

மாண்டல் முதலில் எடுக்கவில்லை, சேர்த்தார்! விபத்தில் இறந்த ஒருவரின் பாராதைராய்டை இதே நோயாளிக்குப் பொருத்தினார். காரணம், அதே ஊரின் நோய்க்கூறு அறிஞர் யாக்கோப் எர்ட்ஹைம். எலும்பு மென்மையாகி இறந்தவர்களிடம் இந்தச் சுரப்பிகள் பருத்திருப்பதைப் பார்த்து, எலும்பு நோயை ஈடுகட்டத்தான் இவை வளர்கின்றன என்றார் அவர். பொருத்தியதில் பலனில்லை. அதற்குப் பிறகுதான் கத்தி.

இதைச் சொல்லும் சிலர் எர்ட்ஹைமை முட்டாளாக்கிவிடுகிறார்கள். நியாயமே இல்லை. வைட்டமின் டி குறைந்தால் ரத்தக் கால்சியம் சரியும்; அதை நிமிர்த்த நான்கு சுரப்பிகளும் பருக்கும். அது உண்மை. ஆனா ஒண்ணு மட்டும் பருத்திருந்தால்? உடம்புக்கே கால்சியம் போதலைன்னா மற்ற மூணும் சும்மா இருக்குமா? அப்படி ஒன்று மட்டும் பெருத்திருந்தால் அதை எடுத்துவிடலாம் என்று ஷ்லாகன்ஹௌபர் என்ற இன்னொரு வியன்னாக்காரர் 1915லேயே சொன்னார். பத்து வருஷம் கழித்துத்தான் மாண்டல் அங்கே போனார்.

கதையின் வால் இது: சில ஆண்டுகளில் நோய் திரும்பியது, மறு அறுவையில் கட்டி அகப்படவில்லை, அந்த ஊழியர் இறந்துபோனார்.

பழங்கதைன்னு இதை விட முடியலை. எலும்பு அடர்த்தி குறைவு என்றதும், ரத்தக் கால்சியத்தைப் பார்க்காமலே மாத்திரை வாங்கும் பழக்கம் அதே பழைய கணக்கு: எலும்பில் இல்லை, ஆகவே உடம்பிலும் இல்லை. உடலின் கால்சியத்தில் சுமார் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. அங்கிருந்து உருவி ரத்தத்தில் கொட்டுவதுதான் இந்த நோய்.

ரத்தக் கால்சியம் 11.2, பாராதைராய்டு ஹார்மோன் 40 என்று ஓர் அறிக்கை வருகிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். 40 'நார்மல்' எல்லைக்குள்தான். ஆனால் கால்சியம் அவ்வளவு ஏறியிருக்கும்போது ஒழுங்கான சுரப்பி ஏறக்குறைய வேலையை நிறுத்தியிருக்க வேண்டும். அந்த நேரத்து 40 சந்தேகத்துக்குரியது. லேப் தாளில் அதற்கு எதிரே நட்சத்திரக் குறி இருக்காது.