கவசமே உருவமானபோது

மதுரைப் பக்கத்துக் கோயில்களில் மூலவருக்குச் சாத்தும் வெள்ளிக் கவசத்தை நாம் அறிவோம். தகட்டைப் பின்புறமிருந்து தட்டிப் புடைக்கச் செய்து, கண்ணும் மூக்கும் அணிகலனும் எழுப்பும் கம்மியர் வேலை அது. முன்னின்று தொழுவோருக்கென்றே ஆனது. பின்புறத்துக்கு அங்கே வேலையில்லை.

இக்கைவினையைத் தற்காலச் சிற்பத்துக்குக் கொண்டுவந்தவர் பி. வி. ஜானகிராம் (1930–1995). சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்று, 1966-இல் கே. சி. எஸ். பணிக்கர் தோற்றுவித்த சோழமண்டலக் கலைக் கிராமத்தில் இணைந்தவர். ஐரோப்பியரைப் படியெடுக்காமலும், பழஞ்சிலைகளையே திரும்ப வடிக்காமலும் இக்காலத்துக் கலைஞனாக இருப்பது எவ்வாறு என்பதே அவ்வட்டத்தாரின் கேள்வி. ஜானகிராமுக்கு விடை செம்புத் தகட்டில் கிடைத்தது. தட்டினார், பற்றவைத்தார், கவசத்தைப் போலவே முன்முகத்தைப் பேணினார். ஆனால் கவசத்தினுள்ளே கல்திருமேனி உண்டு. இவர் படைப்பினுள்ளே ஏதுமில்லை. போர்வையாய் இருந்ததே உடலாகிவிட்டது. உள்ளிருந்த மரபை இழந்தும் அதன் சாயலை விடமுடியாமல் நிற்கும் நம் தலைமுறையின் முகம் அத்தகட்டில் தெரிவதாகவே எனக்குத் தோன்றுகிறது.

குறையும் உண்டு. சில படைப்புகளில் அணிவேலை பெருகி உருவத்தையே மூடிவிடுகிறது. (கைவந்த வேலையை எங்கே நிறுத்துவது என்பது கம்மியருக்கும் உள்ள தொல்லைதான்.) தகட்டைச் சற்றே வெறிதாக விட்ட முகங்களின் முன்தான் நான் நெடுநேரம் நிற்பேன்.