நளினி மலானியின் ‘மறைந்த குருதியைத் தேடி’

நளினி மலானி 1946இல் கராச்சியில் பிறந்தவர். நாட்டுப் பிரிவினையை ஒட்டி அவர் குடும்பம் ஊரையும் வீட்டையும் விட்டுக் கொல்கத்தா வந்து சேர்ந்தது. 2012இல் ஜெர்மனியின் காசெல் நகரில் நடந்த 13ஆவது டாக்குமெண்டா கண்காட்சியில் இடம்பெற்றது ‘மறைந்த குருதியைத் தேடி’ என்னும் இவரது படைப்பு. தலைப்பு ஃபைஸ் அகமது ஃபைஸின் உருதுக் கவிதை ஒன்றிலிருந்து வந்தது.

ஒளி ஊடுருவும் மைலார் தகட்டில் வரைந்து உருளையாக்கிய ஐந்து ஓவியங்கள் தொங்கிச் சுழல்கின்றன. ஆறு காணொளிகளின் ஒளி அவற்றினூடே பாய, சுவரெங்கும் நிழல்கள் நகர்கின்றன.

ஓவியங்கள் தகட்டின் பின்புறத்தில் வரையப்பட்டவை. இது நமக்குப் புதிதன்று. தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியமும் அப்படித்தான். கண்ணும் நகையும் முதலில், உடல் நிறம் பிறகு, பின்னணி கடைசியில். மேலே பூசித் திருத்த வழியில்லை. தஞ்சை ஓவியர் நிறத்தைக் கோட்டுக்குள் அடக்குவார். மலானி அதை ஓடவிடுகிறார். வழவழப்பான தகடு நீரை உறிஞ்சாததால் நிறம் திட்டுத்திட்டாகத் தேங்கிக் காய்கிறது. உருவம் எங்கே முடிகிறது, கறை எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க இயலவில்லை. முழு அரூப ஓவியம் என்று இதைச் சொல்ல முடியாது. அரூபத்தின் வாசற்படியில் நிற்கிறது எனலாம்.

படைப்பின் குரல் கசாண்ட்ராவுடையது. கிரேக்கத் தொன்மத்தில் இவள் டிராய் இளவரசி. வருவதை முன்கூட்டியே சொல்வாள்; ஒருவரும் நம்பமாட்டார்கள் என்பது அப்போலோ இட்ட சாபம். நகர் வீழ்ந்ததும் சிறைப்பட்டு அயல்நாட்டில் மாள்கிறாள். கிறிஸ்டா வோல்ஃபின் நாவல் வழியே இவளை எடுத்துக்கொண்ட மலானி, மகாசுவேதா தேவியின் ‘திரௌபதி’ கதையையும் அருகில் வைக்கிறார். நம் கண்ணகியும் புகாரை விட்டு மதுரை வந்தவளே. ஆனால் அவள் சிலம்பை உடைத்ததும் பாண்டியன் நம்பிவிட்டான். கசாண்ட்ராவுக்கு அந்த நீதியும் கிடைக்கவில்லை. பிரிவினைக்கால வன்முறைக்கு ஆளாகிப் பேச இடமின்றிப் போன பெண்களுக்கு இவளே பொருத்தமான குரல். அயல்நாட்டுக் கதை எதற்கு என்று கேட்போருக்கு இதுவே என் பதில்.

குறையும் உண்டு. கிரேக்கம், ஜெர்மன், வங்கம், உருது என எல்லாம் ஒரே அறையில் மோதுகின்றன. முன்னறிவின்றி வருபவர் மருண்டு நிற்பார். துணி மூடிய பெண் முகத்தின்மேல் எழுத்துகள் ஓடும் காட்சி, ஒலி இல்லாவிட்டாலும் நெஞ்சைப் பிடிக்கும். காணொளிப் பதிவில் பார்க்கும் மாணவர்கள் முதல் முறை ஒலியை நிறுத்திவிட்டு, ஒரே ஓர் உருளையின் நிழலை மட்டும் பின்தொடர்ந்து பார்க்கலாம்.